கோட்டைத் துரைக்கு மாவு நாடா

அட்சய வருடம், தை 20
கோட்டைக்குப்பம்

மாரி மகன் நீலமேகம் அவர்களுக்கு, அவருடைய மனைவி இருசம்மாள் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் அம்மா நலம். பூனைகூட நலம். உங்கள் நலத்தை நான் விசாரிக்கவில்லை. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது என்று தோணிக்காரன் அங்கமுத்து சொன்னான். அது போதும்.

பழவேற்காட்டுக் கோட்டைச் சமையற்கட்டில் மீன் கழுவும் வேலைக்குப் போன ஒரே குற்றத்துக்காக, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் கிடங்கில் மூன்று வருடம் படகு வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனீர்கள். அந்தக் கையெழுத்தைக் கற்றுக்கொடுத்தவள் நான். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சண்டை போட எழுதவில்லை. ஏரியில் எந்த வீடு எந்த நாளில் எந்த இடத்தில் இறாலுக்கு வலை கட்டலாம் என்று வருடத்துக்கு ஒருமுறை பாடு சீட்டு எடுப்பார்கள் அல்லவா, அங்கே நல்ல சாப்பாடு சாப்பிட்டு அதை மறந்திருப்பீர்கள் என்பதால் நினைவூட்டுகிறேன். வருகிற சித்திரை 18, பௌர்ணமியன்று அம்மன் கோயில் முன்னால் சீட்டு. வீட்டு ஆண் நேரில் நிற்க வேண்டும். குப்பத்துப் பெரியதனம் நாகப்பன் நேற்று வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "போன வருசமும் உம் புருசன் வரல. இந்த வருசமும் வரலன்னா பேரை எடுத்துருவோம். அப்பால ஏரில உங்க வூட்டுக்கு எடமே இல்ல, பாத்துக்கோ." பெயர் ஒருமுறை போனால் போனதுதான். நாளைக்கு நமக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கும் ஏரி இல்லை.

வழி ஒன்று இருக்கிறது. கோட்டையின் பெரிய துரை இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. வாலிபத்தில் இத்தாலி தேசத்தில் இருந்தாராம். அங்கே மாவைப் பிசைந்து தட்டையாக்கி, நாடா நாடாவாக அறுத்து, வேகவைத்துச் சாப்பிடுவார்களாம். பெயர் பாஸ்தா. அதை யார் செய்து கொடுத்தாலும் கேட்டதைத் தருகிறேன் என்று துபாஷ் லோகநாதனை விட்டு எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொல்லவைத்தார். நான் மீன் கூடையோடு கதவுப் பக்கம் நின்றிருந்தேன். உங்கள் ஒப்பந்தத்தைக் கிழிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று அந்த நிமிடமே தோன்றியது.

உங்கள் கொட்டடியில் மத்தேயு என்று ஓர் இத்தாலிப் பீரங்கிக்காரன் இருப்பதாக அங்கமுத்து சொல்கிறான். ஊருக்கு வர விருப்பம் இருந்தால் அவனிடம் செய்முறை கேட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் கன்னத்துச் சதையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருசம்மாள்


தை 29
சதுரங்கப்பட்டினம்

இருசம்மா,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். நமக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி ஒரு மரியாதையை நான் கண்டதில்லை. படித்ததும் பயந்துபோய்ப் படகு விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோட்டை அடுப்பைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். நம் குப்பத்துப் பெண்கள் யாரும் அங்கே போய்ச் சமைத்ததில்லை. இதில் நான் மாறவில்லை. ஆனால் ஏரியில் நம் பெயர் போகக் கூடாது. அப்பாவும் அவருடைய அப்பாவும் வலை கட்டிய இடம். அதனால் மத்தேயுவிடம் கேட்டேன்.

ஆள் ஆறடி உயரம், மீசை மட்டும் அரையடி. நான் பாஸ்தா என்று சொன்னதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பிறகு ஜன்னலைச் சாத்தினான். "யாரு சொன்னது? யாருக்கும் தெரியக் கூடாது" என்று தனக்கு வந்த தமிழில் சொன்னான். கள்ளத் துப்பாக்கி கேட்டதுபோல ஆகிவிட்டது. ஆனால் பெட்டிக்கு அடியிலிருந்து பலகையை எடுத்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

கவனமாகப் படி. நாலு கைப்பிடி மாவைப் பலகையில் குவித்து நடுவில் குழி பறி. அதில் மூன்று முட்டை உடைத்து ஊற்று, வாத்து முட்டை என்றால் இரண்டு. உப்பு ஒரு கிள்ளு. தண்ணீர் ஒரு சொட்டுக் கூடாது. ஒரு விரலால் முட்டையைக் கலக்கிக்கொண்டே உள்பக்கத்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழு. அவசரப்பட்டால் கரை உடைந்து முட்டை ஓடிவிடும். எனக்கு ஓடியது. மத்தேயு தன் பாஷையில் என் அம்மாவைத் திட்டினான், குரலிலேயே தெரிந்தது. அம்மாவிடம் சொல்லாதே.

பிறகு உள்ளங்கையின் அடியால் தள்ளு, மடி, திருப்பு, தள்ளு. கை வலித்து, தோள் வலித்து, இனி முடியாது என்று நீ நினைக்கிற நேரத்தில் மாவு காது மடல்போல மெத்தென்று ஆகும். ஈரத்துணி போட்டு மூடி ஒரு நாழிகை தூங்க விடு. அப்புறம் உருட்டுக்கட்டையால் தேய். மாவின் கீழே கையை வைத்தால் கைரேகை தெரிய வேண்டும். மேலே மாவு தூவி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, கத்தியால் அறு. கொஞ்சம் காயவிட்டு, உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் நூறு எண்ணுகிறவரை வேகவை.

அறுத்ததைக் கையில் எடுத்து வலையை உதறுகிற மாதிரி உதறினேன். மொத்தமும் நாடா நாடாவாகப் பிரிந்து தொங்கியது, இருசம்மா. நான் கத்திவிட்டேன். மத்தேயு என் வாயைப் பொத்தினான்.

நீலமேகம்


மாசி 9
கோட்டைக்குப்பம்

மாமாவுக்கு,

'நீங்கள்' போதும். கோபம் இருக்கிறது, ஆனால் அவ்வளவு மரியாதை கொடுத்து எழுதக் கை வலிக்கிறது.

நீ எழுதியதை வரிக்கு வரி செய்தேன். நல்ல பச்சரிசியாக ஊறவைத்து, இடித்து, சலித்து, நாலு கைப்பிடி குவித்தேன். நம் எதிர்வீட்டு வாத்தின் முட்டை இரண்டு. குழி அழகாக நின்றது. அதற்குப் பிறகு எதுவும் நிற்கவில்லை. பிசையப் பிசைய உதிர்ந்தது. தேய்த்தால் வெடித்தது. சுருட்டினால் ஒடிந்தது. அப்படியும் விடாமல் அறுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். நீ நூறு எண்ணச் சொன்னாய். இருபது எண்ணுவதற்குள் பானையில் கஞ்சி இருந்தது.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, ஒடம்பு சரியில்லாதவங்க யாராச்சும் வந்துருக்காங்களா?" என்றார். பிறகு உப்புப் போட்டு அந்தக் கஞ்சியைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கே தப்பு? மத்தேயு எதையோ மறைக்கிறானா, அல்லது நீ பாதியைக் காதில் வாங்காமல் வந்தாயா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. கை விரலெல்லாம் உலக்கை பிடித்துக் காய்த்துவிட்டது. ஆனாலும் மாமா, அந்தக் குழிக்குள் முட்டையைச் சுழற்றும்போது எனக்கு ஒரு குஷி வந்ததே, அது மீன் கழுவும்போது ஒரு நாளும் வந்ததில்லை. சீக்கிரம் எழுது.

இருசம்மாள்


மாசி 18
சதுரங்கப்பட்டினம்

இருசம்மா,

கோதுமை. கோதுமை. கோதுமை.

தப்பு என்னுடையது. மாவு என்று எழுதினேன், எந்த மாவு என்று எழுதவில்லை. நம் வீட்டில் மாவு என்றால் அரிசிதானே. உன் கடிதத்தை மத்தேயுவுக்குப் படித்துக் காட்டினேன். பச்சரிசி என்றதும் தலையில் அடித்துக்கொண்டான். இருபது எண்ணுவதற்குள் கஞ்சி என்றதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிட்டான்.

மறுநாள் அவனே தன் பங்குக் கோதுமை மாவை ஒரு பையில் கட்டிக் கொடுத்தான். அங்கமுத்துவிடம் அனுப்பியிருக்கிறேன். இரண்டு தடவைக்குக் காணும். ஒன்றை வீட்டில் செய்து பழகு, மற்றதைத் துரைக்கு வை. கோதுமை மாவு உன்னை எதிர்த்து நிற்கும். இழுத்தால் திரும்பச் சுருங்கும், உன்னைப்போலவே பிடிவாதம். பயப்படாதே. மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு வேலை பார்த்தால் தானாகவே இளகும்.

நான் இப்போது தினமும் செய்கிறேன். பழக்கத்துக்குத்தான். நேற்று தேய்த்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் போகிற ஆள் தெரிந்தான்.

இன்னொரு விஷயம் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இங்கே ஒன்று நடந்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

நீலமேகம்


பங்குனி 3
கோட்டைக்குப்பம்

மாமா,

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கே தொடங்குவது என்றும் தெரியவில்லை.

உன் மாவு வந்தது. முதல் பாதியை வீட்டில் பிசைந்தேன். நீ சொன்னபடி எதிர்த்து நின்றது, நானும் நின்றேன். ஒரு நாழிகை கழித்துத் துணியை எடுத்தால் பிறந்த குழந்தையின் கன்னம். தேய்த்தேன், கைரேகை தெரிந்தது. அறுத்தேன். உதறினேன். நானும் கத்தினேன்.

காயவிட வேண்டும் என்று எழுதினாய். நம் வீட்டில் ஈரமான எதையும் எங்கே போடுவோம்? வலைக் கொம்பில். யோசிக்காமல் கொண்டுபோய் அங்கேயே வரிசையாகத் தொங்கவிட்டேன். இந்தப் பக்கம் வாளைக் கருவாடு, அந்தப் பக்கம் பாஸ்தா. அத்தை பார்த்துவிட்டு, "இன்னாடி தோரணம் கட்டிக்கினுகீற, யார் வூட்ல கண்ணாலம்?" என்றார். குப்பமே கூடிவிட்டது. பாதியைக் காக்கை தூக்கிக்கொண்டு போனது. மீதியை வேகவைத்தால் வாயில் வைத்ததும் வாளைக் கருவாடு. அத்தை அதையும் நன்றாக இருக்கிறது என்றார். இனி அவர் நாக்கை நான் நம்பப்போவதில்லை.

மறு பாதியைக் கோட்டையிலேயே செய்தேன். ரொட்டிக்காரன் இடம் தரவில்லை. துபாஷ் லோகநாதன்தான் சாப்பாட்டுக் கூடத்து மேசையைக் காட்டினார். காயவிடக் கருவாடு இல்லாத இடம் தேடி, துரைமார் உட்காரும் நாற்காலிகளின் முதுகில் தொங்கவிட்டேன். பன்னிரண்டு நாற்காலி. மேலே போட வெண்ணெய் மட்டும் போதும் என்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. விடியற்காலை ஏரியில் பிடித்த இறாலை நெய்யில் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு வதக்கி அதோடு புரட்டினேன்.

துரை முதல் வாய் எடுத்தார். மென்றார். முள்கரண்டியைக் கீழே வைத்தார். என் உயிர் போய்விட்டது. பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் தின்றார். இரண்டாவது தட்டு கேட்டார். மூன்றாவதுக்கு இல்லை.

செய்தவளைக் கூப்பிடு என்றார். முழங்கை வரை மாவோடு போய் நின்றேன். என்ன வேண்டும் என்று கேட்டார். வழியெல்லாம் நல்ல வார்த்தையாகக் கோத்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "எம் புருசன் வேணும்" என்றேன். லோகநாதன் அதை அப்படியே ஒல்லாந்தர் பாஷையில் சொன்னார். மேசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உன் மேல் இருந்த கோபம் அப்போதும் போகவில்லை, ஆனாலும் அதைத்தான் கேட்டேன். அன்றைக்கே சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிற உங்கள் துரைக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

இன்னொன்று. இனி நான் மீன் கழுவுகிறவள் இல்லை. துரையின் சமையற்காரி. உனக்குப் பிடிக்காது என்று தெரியும். எனக்குப் பிடித்திருக்கிறது.

எப்போது புறப்படுகிறாய்?

இருசம்மாள்


பங்குனி 16
கோட்டைக்குப்பம்

மாரி மகன் நீலமேகம் அவர்களுக்கு,

மறுபடியும் 'நீங்கள்'. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் துரையின் பதில் வந்தது. லோகநாதன் எனக்குப் படித்துச் சொன்னார். தாங்கள் கேட்கும் நீலமேகம் இப்போது படகுக்காரன் அல்ல, என்னுடைய சமையற்காரன். மாவு நாடா செய்வதில் இந்தக் கரையில் அவனுக்கு நிகர் இல்லை. அவனை விட முடியாது, வேறு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். இவ்வளவும் எழுதியிருந்தது.

சமையற்காரன். மீன் கழுவப் போனதற்கே ஊர் சிரிக்கும் என்று சொல்லி என்னை விட்டுவிட்டுப் போனவர், அங்கே துரை வீட்டு அடுப்பில் உட்கார்ந்திருக்கிறார். பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதினீர்களே, அது இதுதானா?

ஆணை போடக் கூடாதா என்று பெரிய துரையிடம் கேட்டேன். படகுக்காரனைக் கேட்டால் எவனும் தருவான், சமையற்காரனைப் பறித்தால் ஆயுசுக்கும் பகை என்றார். அந்தத் துரையே தானாக விட்டால்தான் உண்டாம். நாகப்பன் இன்று மறுபடி வந்துபோனார். அத்தை இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை. என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது. சித்திரை 18.

இருசம்மாள்


பங்குனி 25
சதுரங்கப்பட்டினம்

இருசம்மா,

நீ எழுதியது எல்லாம் சரி. நான் எழுதாமல் விட்டது தப்பு. வெட்கத்தில் விட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கொட்டடியில் நானும் மத்தேயுவும் இரண்டாம் தடவை செய்துகொண்டிருந்தபோது வாசனை பிடித்துக்கொண்டு துரையே உள்ளே வந்துவிட்டார். மத்தேயு மாவுக் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இவன்தான்" என்று என்னைக் காட்டினான். துரை நின்றபடியே தின்றார். மறுநாள் என் துடுப்பை வாங்கிக்கொண்டு கத்தியைக் கொடுத்தார்கள்.

முதல் நாள் அவமானமாக இருந்தது. இரண்டாம் நாள் அவ்வளவு இல்லை. மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பே எழுந்து, மாவு என்ன ஆயிற்று என்று பார்க்க ஓடினேன். அப்போதுதான் உன்னை நினைத்தேன். நீயும் இப்படித்தானே விடியற்காலையில் கோட்டைக்கு ஓடினாய். அதற்காகவா உன்னோடு அவ்வளவு கத்தினேன் என்று இருந்தது. இதை நேரில் சொல்லத்தான் ஆசை, ஆனால் நேரில் எனக்கு வாய் வராது.

வர வழி தேடினேன். கெட்டதாகச் செய்தால் துரத்திவிடுவார்கள் அல்லவா? போன வெள்ளிக்கிழமை நாலு விருந்தாளிகள். நெய்யை விட்டுவிட்டுப் புளியைக் கரைத்து ஊற்றினேன். சென்னாக்கூனிக் கருவாட்டை வறுத்துப் பொடித்து அள்ளிப் போட்டேன். மிளகு இரண்டு மடங்கு. நல்ல மாவைப் பாழாக்குகிறோமே என்று கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன். கொண்டுபோய் வைத்துவிட்டுத் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

தட்டை வழித்தார்கள். விருந்தாளி ஒருவர் எனக்குத் தன் தொப்பியைக் கழற்றினார். துரை தோளில் தட்டி, இனி வெள்ளிக்கிழமைதோறும் இதுவே என்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஓடி வந்துவிடலாம் என்றால் ஒப்பந்தத்தை மீறியவனைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். நீதான் ஏதாவது சொல்ல வேண்டும்.

நீலமேகம்


பிரபவ வருடம், சித்திரை 1
கோட்டைக்குப்பம்

மாமா,

வருடப் பிறப்பன்று கோபத்தோடு இருக்கக் கூடாது என்று அத்தை உன் கடிதத்தைப் படிக்கச் சொன்னார். புளிக் கரைசல் வரும்வரை அடக்கிக்கொண்டிருந்தேன். தொப்பி வந்ததும் முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பூனை ஓடிவிட்டது. சிரித்து முடித்த பிறகு அத்தை அழுதார். நானும்தான்.

விடியற்காலையில் ஓடியதைப் பற்றி எழுதினாயே, அந்த இடத்தை மட்டும் நான் அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. நாலு தடவை தனியாகப் படித்தேன். அதற்காக நீ முழுக்கத் தப்பித்துவிட்டதாக நினைக்காதே.

இப்போது கேள். உங்கள் துரைக்கு வேண்டியது நீ இல்லை, பாஸ்தா. அதை உனக்கே சொல்லிக்கொடுத்தவன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறான். அவன் ஏன் செய்யக் கூடாது? கதவைச் சாத்துகிறான், ஜன்னலைச் சாத்துகிறான், மாவுக் கையை ஒளிக்கிறான். அவனும் உன்னைப் போலத்தான், மாமா. ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். நான் சொன்னதாக அவனிடம் சொல். மத்தேயு, உன்னுடைய மாவில்தான் நான் துரைக்குச் சமைத்தேன், நன்றி. ஆனால் உன்னுடைய வெட்கத்துக்கு எங்கள் வீட்டு ஏரியைக் கொடுக்க முடியாது. இந்தக் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று இருக்கக் கூடாது. நீ வந்தாலும் நான் கோட்டைச் சமையலை விடமாட்டேன். விடியற்காலையில் போவேன், விருந்து இருந்தால் அங்கேயே தங்குவேன். இதற்குச் சம்மதம் என்றால் வா. சம்மதம் இல்லை என்றாலும் சீட்டுக்கு வந்து பெயரைக் காப்பாற்றிவிட்டு, அப்புறம் சண்டை போடு.

இருசம்மாள்


சித்திரை 11
சதுரங்கப்பட்டினம்

இருசம்மா,

வருகிறேன். முதலில் இதை எழுதிவிடுகிறேன், மற்றது பிறகு. வருகிறேன். வருகிறேன்.

உன் கடிதத்தை மத்தேயுவுக்குப் படித்தேன். ஏரியைக் கொடுக்க முடியாது என்ற இடத்தில் என்னை நிறுத்தி இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். மீசையை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு சொன்னான். முதல் கப்பலில் வரும்போது ஒரு நாள் ஆசையாகச் செய்தானாம். மற்றப் பீரங்கிக்காரர்கள் அன்றிலிருந்து அவனைப் பெண்பிள்ளைப் பெயர் வைத்துக் கூப்பிட்டு, கரை சேருகிறவரை பீரங்கிப் பக்கமே விடவில்லையாம். பன்னிரண்டு வருடமாக ஒளித்துத்தான் தின்கிறான்.

மறுநாள் காலை நான் சமையற்கட்டுக்குப் போனால் எனக்கு முன்னால் அவன் நிற்கிறான். பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை, இடுப்பில் வாள், கையில் மாவு. கதவை விரியத் திறந்து வைத்திருந்தான். வாசலில் அவனோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். யாரோ சிரித்தான். மத்தேயு திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான், சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் செய்ததைத் துரை இரண்டு வாய் தின்றார். என்னைப் பார்த்தார். "ஒன்னுது நல்லாத்தான் இருந்துச்சு. இதுதான் அசல். நீ போகலாம்" என்றார். ஒப்பந்தத்தை என் கண் முன்னால் கிழித்தார்.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதித்தேன். ஆனால் உன்னிடம் சொல்வதற்கு என்ன, கொஞ்சம் வலித்தது. அசல் என்கிறார். தேய்ப்பதில் நான் அவனைவிட மெல்லிசு, வேண்டுமானால் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கிளம்பும்போது மத்தேயு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். உனக்கு அவனுடைய உருட்டுக்கட்டையைக் கொடுத்திருக்கிறான்.

இந்தக் கடிதம் உப்புத் தோணியில் இன்றே போகிறது, ஆளை ஏற்ற அதில் இடமில்லை. நான் சித்திரை 15 அன்று அங்கமுத்துவோடு ஏறுகிறேன். தென் காற்று பிடித்துவிட்டது, வடக்கே ஓட இதைவிட நல்ல காற்று இல்லை. நாகப்பனிடம் சொல், சீட்டுக் குடத்தை நான் வரும்வரை குலுக்க வேண்டாம் என்று.

நீ கடைசியில் கேட்டதற்கு இங்கே பதில் எழுதவில்லை. எழுதினால் உப்புத் தோணிக்காரன் படித்துவிடுவான்.

நீலமேகம்


சித்திரை 18, காலை
கோட்டைக்குப்பம்

மாமா,

இதை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நேற்று முழுக்கக் கரையில் நின்றேன், உன் தோணி வரவில்லை. இன்று பார்த்து மசூலிப்பட்டினத்திலிருந்து ஒன்பது துரைமார் விருந்துக்கு வருகிறார்கள். விடியும்போதே நான் கோட்டைக்குள் போயாக வேண்டும். மாலையில் கதவைச் சாத்திவிடுவார்கள், நாளைக்குத்தான் வர முடியும்.

சீட்டு உச்சிப் பொழுதில். வந்ததும் முதலில் குளி, வெள்ளை வேட்டி கொடியில் இருக்கிறது. சோறு உறியில் இருக்கிறது. எதைப் பற்றியும் யோசிக்காமல் கோயிலுக்கு ஓடு. நீ வந்துவிட்டாயா என்று அங்கே எனக்கு யாரும் சொல்லமாட்டார்கள். ஒன்பது பேருக்கு மாவு பிசைந்துகொண்டே கிடந்து தவிக்கப்போகிறேன்.

வந்துவிடு.

இருசம்மாள்


சித்திரை 19
பழவேற்காடு, கோட்டை வாசல்

இருசம்மா,

பெயர் இருக்கிறது. நம் பெயர் ஏரியில் இருக்கிறது.

கரையில் இறங்கும்போதே உச்சிப் பொழுது. குளிக்கவில்லை, வேட்டி மாற்றவில்லை, உன் கடிதத்தைப் படித்ததே சீட்டு முடிந்த பிறகுதான். தோணியிலிருந்து குதித்து முழங்கால் தண்ணீரிலேயே ஓடினேன். நாகப்பன் என் அப்பா பெயரைக் கூப்பிட்டார். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். மூன்றாம் தடவைக்கு வாயைத் திறந்தபோது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். மூச்சு வாங்கியதில் 'இருக்கேன்' என்றுகூடச் சொல்ல வரவில்லை, கையைத் தூக்கினேன். சீட்டில் நமக்குக் கிழக்குப் பாடு விழுந்தது, வலை கட்டும் முதல் முறை நேற்று மாலையே. அம்மா சோற்றைக் கையில் கொடுத்து வலையைத் தோளில் ஏற்றிவிட்டார்.

இந்தக் கூடையில் இருப்பது அந்த இறால். இன்று விடியும்போது எடுத்தது, இன்னும் துள்ளுகிறது. உன் விருந்தாளிகள் காலையிலும் தின்பார்கள் அல்லவா?

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சம்மதம். சம்மதம் என்று சொல்வதுகூடத் தப்பு, நீ என்னிடம் கேட்டிருக்கவே வேண்டாம். விடியற்காலையில் போகிறாய் என்றால் நான் வலையிலிருந்து நேராக இங்கே வருகிறேன். விருந்து நாளில் மாவை நான் தேய்த்துத் தருகிறேன். என்னைவிட மெல்லிசாக யார் தேய்ப்பார்கள் என்று பார்ப்போம்.

நான் வாசலிலேயே நிற்கிறேன். இதுவரை இந்த வாசலுக்கு நான் வந்ததில்லை, நின்று பார்த்தால் அப்படி ஒன்றும் கூச்சமாக இல்லை. நான் வலையை வீட்டில் போட்டுவிட்டு வரும்போது, துபாஷைப் பார்க்க வேண்டும் என்று நாகப்பனும் என்னோடு வந்துவிட்டார். காவற்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டி, "யாருய்யா நீ? உள்ள இன்னா வேலை?" என்று கேட்டான்.

"உள்ள பெரிய தொரைக்குச் சமைக்கிறாங்களே இருசம்மா, அவங்க வூட்டுக்காரன் நானு" என்றேன். நாகப்பனுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் இரண்டு தடவை சொன்னேன்.

நீலமேகம்